எம்பிமாரின் வெளிநாட்டுப் பயணமும் எங்கள் லயமும்

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. போன கிழமை அங்கே பொகவந்தலாவை பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். மேசையில் யாரோ படித்துவிட்டுப் போட்ட பத்திரிகை கிடந்தது. உள்பக்கத்தில் ஒரு படம்: பாராளுமன்றக் குழு அறை, நீள மேசை, நடுவில் ஒரு வெளிநாட்டுத் தூதுவர், இரண்டு பக்கமும் எம்பிமார், எல்லோர் முகத்திலும் ஒரே அளவு சிரிப்பு. இரண்டு நாட்டுப் பாராளுமன்றங்களின் நட்புறவுச் சங்கத்துக்குப் புதிய நிர்வாகிகளைத் தெரிவு செய்திருக்கிறார்களாம். எதிரே ரொட்டியைச் சம்பலோடு பிய்த்துக்கொண்டிருந்த அண்ணன் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். படத்தை விரலால் தட்டினார்.

"இவங்க சிநேகிதம் புடிச்சி நம்மளுக்கு என்னா தம்பி வரப்போவுது?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. பதில் சொல்லாமலே ஓடிப்போய் ஏறினேன். நோர்வூட் தாண்டியும் அந்தக் கேள்வி இறங்கிப் போகவில்லை.

நியாயமான கேள்விதான். அந்தப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் வெளிநாட்டு உறவு என்ற பேச்சு எழுந்தால் மற்ற யாருக்கும் முன்னால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியவர்கள் மலையகத்தார், அதாவது தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த நாங்கள். நாங்கள் எந்த நாட்டார், எங்கே இருக்கலாம் என்பதையே இரண்டு அரசாங்கங்கள் பேசித் தீர்த்த கதை எங்களுடையது. அந்த மேசைகளில் எங்களுக்கு நாற்காலி போடவில்லை. அரசாங்கங்கள் பேசும்போது பிரதமரும் அமைச்சரும் அதிகாரிகளும்தான் இருப்பார்கள். பாராளுமன்றங்கள் பேசும்போது எதிர்க்கட்சிக்காரருக்கும் இடமுண்டு, ஒற்றை ஆசனக் கட்சிக்காரருக்கும் இடமுண்டு, தோட்டத்திலிருந்து போனவருக்கும் இடமுண்டு. வெளிவிவகாரத்தில் எங்களுக்கு நாற்காலி கிடைக்கக்கூடிய அறை அநேகமாக அது ஒன்றுதான். போய் உட்கார்ந்தவர்கள் அங்கே என்ன செய்தார்கள் என்பது வேறு கதை. அதற்கும் வருவோம்.

பாராளுமன்ற இராஜதந்திரம் என்று இதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். விஷயம் எளிது. ஒரு நாட்டு எம்பிமார் இன்னொரு நாட்டு எம்பிமாரோடு நேரடியாகப் பேசுவது, சேர்ந்து குழு அமைப்பது, மாநாடு கூடுவது, போய் வருவது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இவர்களுக்குக் கிடையாது. அது ஒரு வகையில் வசதியும்கூட. அமைச்சர் வாயைத் திறந்தால் அது நாட்டின் நிலைப்பாடு. எம்பி பேசினால், "அது அவருடைய சொந்தக் கருத்து" என்று நாளைக்கு அரசாங்கம் கையை விரித்துவிடலாம். அதனால் அரசாங்கங்கள் தொடத் தயங்குவதை இவர்கள் தொட்டுப் பார்க்கலாம்.

இதைத் தொடங்கியவர்களில் ஒருவர் தச்சர் என்றால் நம்புவீர்களா? வில்லியம் ராண்டல் கிரீமர் என்ற ஆங்கிலேயர். மரவேலை செய்து பிழைத்தவர், தொழிற்சங்கம் கட்டியவர், பிறகு பிரித்தானியப் பாராளுமன்றத்துக்குப் போனவர். அவரும் ஃபிரெடெரிக் பாசி என்ற பிரெஞ்சு உறுப்பினரும் 1889இல் பாரிசில் பல நாட்டு எம்பிமாரைக் கூட்டினார்கள். நாடுகளுக்குள் சண்டை வந்தால் துப்பாக்கியைத் தூக்காமல் நடுவர் மன்றத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் அவர்களின் ஒற்றைக் கோரிக்கை. சமாதானத்துக்கான முதல் நோபல் பரிசை 1901இல் பாசி இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டார். 1903இல் கிரீமருக்குக் கிடைத்தது. தொழிற்சங்க அலுவலகத்தின் வழியாகப் பாராளுமன்றம் போவது மலையகத்து வழக்கம் என்றே நான் நினைத்திருந்தேன். ஜெனீவாவில் தலைமையகம் வைத்து இன்று 180க்கும் மேற்பட்ட பாராளுமன்றங்களைச் சேர்த்து வைத்திருக்கும் அனைத்துப் பாராளுமன்ற ஒன்றியத்துக்கே அடித்தளம் போட்டவர் ஒரு சங்கக்காரர்தான்.

அந்த ஒன்றியத்துக்குள் எம்பிமாரின் மனித உரிமைகளைக் கவனிக்க ஒரு குழு இருக்கிறது. 1976இல் அமைத்தது. 2005 நத்தார் ஆராதனையில் மட்டக்களப்பில் சுடப்பட்ட ஜோசப் பரராஜசிங்கம், 2006 நவம்பரில் கொழும்பில் சுடப்பட்ட நடராஜா ரவிராஜ் ஆகிய தமிழ் எம்பிமாரின் வழக்குகளை அது கையில் எடுத்து, விசாரணை என்ன ஆனது என்று இலங்கையைத் திரும்பத் திரும்பக் கேட்டது. ஆளைத் திருப்பித் தர அதனால் முடியாது. கோப்பு தூசி படியாமல் பார்த்துக்கொள்ள முடிந்தது. பாராளுமன்ற உறவு என்பதன் பலமும் பலவீனமும் இந்த அளவுதான் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

சரி, எங்கள் கதைக்கு வருவோம். ஒரு நாட்டுச் சட்டசபை கடல் கடந்து எங்கள் தோட்டத்துக்குள் கை நீட்டியது முன்னாளிலேயே நடந்திருக்கிறது. 1922இல் தில்லியில் இருந்த இந்திய சட்டசபை ஒரு குடியகல்வுச் சட்டத்தை நிறைவேற்றியது. கூலி வேலைக்கு எந்த நாட்டுக்கு, என்ன நிபந்தனையில் ஆள் அனுப்பலாம் என்ற அறிவித்தல் இரண்டு சபைகளின் ஒப்புதலும் இல்லாமல் வெளியே வர முடியாது என்பது அதில் ஒரு பிரிவு. சபை உறுப்பினர்களைக் கொண்டு நிரந்தரக் குடியகல்வுக் குழு ஒன்றும் இருந்தது. அதுவரைக்கும் தோட்டத் துரைமாருக்கு ஆள் வேண்டுமென்றால் ஆள் திரட்டும் கங்காணியை அனுப்பினால் போதும். அதற்குப் பிறகு தில்லியில் கை தூக்குகிறவர்களையும் யோசிக்க வேண்டியதாயிற்று.

1923 முதல் இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் அலுவலகம் போட்டு உட்கார்ந்தார். தோட்டத்துக் கூலி என்ன, அரிசி என்ன விலைக்குக் கொடுக்கிறார்கள், லயம் என்கிற தொடர் வீட்டில் காம்பராவுக்கு எத்தனை பேர் என்றெல்லாம் வருடா வருடம் அறிக்கை எழுதினார். கண்டியில் இன்றிருக்கும் இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்துக்கு ஒரு வகையில் அவர்தான் மூத்தவர். 1927இல் இலங்கையில் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்ததற்கும் பின்னால் இந்த நெருக்குதல் இருந்தது. அந்தத் தில்லி சபை வெள்ளைக்காரன் ஆட்சிக்குக் கீழே இருந்தது, எல்லோரும் வாக்குப் போட்டு அமைத்ததும் இல்லை. அப்படியிருந்தும் கேள்வி கேட்கிற ஒரு சபை அக்கரையில் இருக்கிறது என்பதற்கே இக்கரையில் ஒரு விலை இருந்தது.

1939இல் இலங்கை அரசாங்கம் தன் சேவையிலிருந்த இந்திய நாட்கூலிக்காரர்களை வேலையிலிருந்து நிறுத்தத் தொடங்கியது. பேசித் தீர்க்க ஜூலையில் நேரு வந்தார். அப்போது அவர் அமைச்சருமில்லை, அரசாங்கப் பிரதிநிதியுமில்லை. காங்கிரஸ் கட்சி அனுப்பிய ஆள். பேச்சு கைகூடவில்லை. ஆனால் அந்த வருகையோடு இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. பிறகு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனதும் அதுதான். ஓகஸ்டில் இந்தியா இங்கே கூலியாட்கள் வருவதைத் தடை செய்தது. அரசாங்கம் அல்லாத ஒருவர் வந்து பேசி, தோற்று, போகிறபோது ஒரு அமைப்பை விட்டுவிட்டுப் போனார். தோற்ற பேச்சிலும் ஏதாவது மிஞ்சும் என்பதற்கு எங்களிடமே உதாரணம் இருக்கிறது.

1947 தேர்தலில் அந்தக் காங்கிரசிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் என்று அந்தப் பட்டியல் போகும். அடுத்த வருடம் எங்களில் பெரும்பாலோரைப் பிரஜைகளாக ஏற்காத 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் வாக்குரிமையைப் பிரஜைகளுக்கு மட்டும் ஆக்கிய தேர்தல் திருத்தச் சட்டம். 1952இல் வாக்குப் போட ஆளில்லை, அதனால் எம்பியும் இல்லை. 1977இல் நுவரெலியா - மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் தொண்டமான் வெல்லும் வரைக்கும், மக்கள் வாக்கால் அந்தக் கதிரைக்கு யாரும் போகவில்லை. இடையில் அவர் பாராளுமன்றத்தில் இருந்தது நியமன உறுப்பினராக.

அந்த இடைவெளியில்தான் 1964 ஒக்டோபர் 30 வருகிறது. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் என்று எல்லோரும் சொல்வது, உண்மையில் இரண்டு பிரதமர்களும் புதுடில்லியில் மாற்றிக்கொண்ட கடிதங்கள். 975,000 பேர் என்று கணக்கெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தார்கள். பிறகு பார்த்தது 1974இல். பாதிக்குப் பாதி, ஆளுக்கு 75,000. அரிசி மூட்டை பிரிப்பதுபோலப் பிரித்தார்கள். முதல் கடிதத்துக்குச் சட்ட வடிவம் கொடுக்க எங்கள் பாராளுமன்றத்துக்கு வந்தது 1967இல், 14ஆம் இலக்கச் சட்டமாக. அதாவது, பேசி, எண்ணி, எழுதி மூன்று வருடம் கழித்து. எந்தச் சபையிலும் அதற்கு முன் "இந்த 525,000 என்ற எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டு நிறுத்தி வைக்கிற வழி இருக்கவில்லை.

எங்கள் அப்பாயி அந்த நாட்களைச் சொல்லும்போது எண்களைச் சொல்லமாட்டார். ஹட்டன் ஸ்டேசனில் அம்மிக்கல்லைக்கூடச் சாக்கில் கட்டிக்கொண்டு நின்ற ஒரு குடும்பத்தைச் சொல்லுவார். "அங்க கல்லு இல்லாமலா இருக்கும், ஆனா அது அவ மாமியார் கல்லு" என்பார். தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். போனவர்களில் ஒரு பகுதி நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அவர்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பிறகு டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது. ஆக, நாடு மாறினாலும் கையில் அதே கொழுந்துக் கூடை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது அண்மைக் காலத்துக்கு வருகிறேன். 2022 ஏப்ரல் 29ஆம் திகதி தமிழ்நாட்டுச் சட்டசபை ஒரு தீர்மானம் போட்டது. பொருளாதார நெருக்கடியில் இருந்த இலங்கைக்கு 40,000 தொன் அரிசி, 500 தொன் பால்மா, அத்தோடு மருந்து வகைகள், எல்லாம் சேர்த்து 123 கோடி இந்திய ரூபாய் பெறுமதியில் அனுப்ப மத்திய அரசு அனுமதி தர வேண்டும் என்று. வெளிநாட்டு விவகாரம் இந்தியாவில் மத்திய அரசின் கையில் இருப்பதால் மாநிலம் நேராகக் கப்பலை அனுப்ப முடியாது. அதற்காகத்தான் தீர்மானம். முதலில் தமிழருக்கு மட்டும் என்ற யோசனை இருந்தது. இலங்கைத் தமிழ்த் தலைவர்கள் அப்படிப் பிரித்து அனுப்ப வேண்டாம், எல்லா மக்களுக்கும் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அதை முதலமைச்சர் சபையிலேயே சொன்னார். மே நடுப்பகுதியில் முதல் கப்பல் சென்னையை விட்டது.

இந்தச் சின்ன இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வரிசையில் நின்று மண்ணெண்ணெய் வாங்கிய அந்த நாட்களில் தமிழருக்கு மட்டும் அரிசி இறங்கியிருந்தால், சிங்களக் கிராமமும் தோட்டமும் ஒரே கடைத்தெருவைப் பாவிக்கும் எங்கள் பக்கத்தில் என்ன பேச்சு எழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதைத் தவிர்த்தது எந்த உடன்படிக்கையும் இல்லை. இரண்டு கரையிலும் அரசியல் செய்கிறவர்கள் ஒருவரையொருவர் தெரிந்து வைத்திருந்தது. தமிழ்நாட்டின் பெயர் அச்சிட்ட அந்தப் பை ஒன்று எங்கள் லயத்தில் இன்னும் இருக்கிறது. தையலைப் பிரித்து, மழை நாளில் விறகை மூடப் போட்டிருக்கிறார்கள். எழுத்து பாதி தேய்ந்துவிட்டது, "நாடு" மட்டும் தெரிகிறது.

எப்போதும் இப்படி இனிப்பாக நடந்ததும் இல்லை. அதே சட்டசபை 2013 மார்ச்சில், இலங்கையை நட்பு நாடு என்று சொல்வதையே நிறுத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதற்கு முந்தின வருடம் லோக்சபா எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சுஷ்மா சுவராஜ் தலைமையில் அனைத்துக் கட்சிக் குழு ஒன்று இலங்கை வந்தது. ஆளும் கட்சி இருக்க, எதிர்க்கட்சித் தலைவர் தலைமை தாங்கி வந்தார் என்பதே பாராளுமன்ற உறவின் தனித்தன்மை. ஆனால் தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டன. எங்கள் மொழியில் எங்களோடு பேசக்கூடிய இரண்டு பெரிய கட்சிகளும் அந்த விமானத்தில் இல்லை. அவர்களுக்கு உள்ளூரில் காரணங்கள் இருந்தன, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் வராமல் இருந்து எதைச் சாதித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிராந்திய அளவில் என்ன இருக்கிறது என்று கேட்டால், தெற்காசியாவில் பதில் கொஞ்சம் வெட்கக்கேடானது. சார்க் என்ற தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு 1985இல் பிறந்தது. அதன் சாசனமே இரண்டு நாடுகளுக்கிடையிலான சர்ச்சைகளைப் பேசக்கூடாது என்கிறது. கடைசி உச்சி மாநாடு 2014இல் காத்மண்டுவில் நடந்தது, 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது நின்றுபோனது, அத்தோடு சரி. தலைவர்கள் சந்திக்காத அந்தக் காலத்தில் சபாநாயகர்கள் மட்டும் சந்தித்துக்கொண்டிருந்தார்கள் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. அனைத்துப் பாராளுமன்ற ஒன்றியத்தின் ஏற்பாட்டில் 2016இல் டாக்காவில், 2017இல் இந்தூரில், 2018இல் கொழும்பில், 2019இல் மாலேயில் தெற்காசிய சபாநாயகர் மாநாடுகள் நடந்தன. வறுமை, சுகாதாரம், பெண்கள் நிலை போன்ற நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள்தான் பேசுபொருள். மாலேயில் பாகிஸ்தான் பிரதிநிதி காஷ்மீரை எடுக்க, இந்தியப் பிரதிநிதி எழுந்து தடுக்க, சபையே சூடாகிவிட்டது. தென்கிழக்காசியாவில் ஆசியான் நாடுகளின் பாராளுமன்றங்கள் 1977 முதல் முறையாகக் கூடி வருகின்றன. நாங்கள் இன்னும் யார் முதலில் மைக்கைப் பிடிப்பது என்பதில் நிற்கிறோம்.

இன்னொரு கூரை இருக்கிறது, மலையகத்துக்கு அதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். பொதுநலவாயப் பாராளுமன்றச் சங்கம். 1911இல் பேரரசின் சங்கமாகத் தொடங்கியது, 1948இல் இன்றைய பெயரை எடுத்தது. இதன் விசேஷம், நாட்டுப் பாராளுமன்றங்கள் மட்டுமல்ல, மாநிலச் சட்டசபைகளும் இதில் தனித்தனிக் கிளைகள். தமிழ்நாட்டுச் சட்டசபை ஒரு கிளை, கேரளச் சட்டசபை ஒரு கிளை, அசாம் ஒரு கிளை, இலங்கைப் பாராளுமன்றம் ஒரு கிளை. தேயிலை வளரும் நிலமெல்லாம் ஒரே பட்டியலில் வருகிறது, பாருங்கள்.

இந்தக் கிளை உரிமை வெறும் அலங்காரம் இல்லை. 2015இல் இந்தச் சங்கத்தின் மாநாடு இஸ்லாமாபாத்தில் நடக்க இருந்தது. ஜம்மு காஷ்மீர்ச் சட்டசபையின் சபாநாயகரை அழைக்க மாட்டோம் என்று பாகிஸ்தான் சொன்னது. அப்படியானால் நாங்கள் யாரும் வரமாட்டோம் என்று இந்தியா சொன்னது. மாநாடே அங்கே நடக்கவில்லை. ஒரு மாநிலச் சபையின் நாற்காலிக்காக அவ்வளவு தூரம் போனார்கள். ஆனால் அதே சங்கத்துக்குள் ஒரு சிக்கலும் உண்டு. ஒன்பது பிராந்தியங்களாகப் பிரித்ததில் இந்தியா தனியே ஒரு பிராந்தியம். இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ், மாலைதீவு ஆகியவை ஆசியப் பிராந்தியம். ஒரே லயத்தில்தான் இருக்கிறோம், ஆனால் வேறு வேறு காம்பரா, நடுவில் சுவர்.

தூரத்துச் சபைகளும் எங்கள் அடுப்பைத் தொடுகின்றன. ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் ஆடை அனுப்பும் ஜீஎஸ்பி பிளஸ் சலுகையை இலங்கை 2010இல் இழந்து 2017இல் திரும்பப் பெற்றது. 2021 ஜூன் 10ஆம் திகதி ஐரோப்பியப் பாராளுமன்றம், பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் காரணம் காட்டி, அந்தச் சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி யோசிக்கும்படி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆதரவாக 628 வாக்குகள், எதிராக 15. சலுகை நிற்கவில்லை. 2022 மார்ச்சில் இலங்கை அந்தச் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தது. போதாத திருத்தம் என்பது பலரின் கருத்து, என்னுடையதும். ஆனால் கட்டுநாயக்காவில் கார்மெண்டில் வேலை செய்து மாதம் பிறந்தால் தோட்டத்துக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகள் எங்கள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் ஓவர்டைம் ஸ்ட்ராஸ்பேர்க்கில் யாரோ கை தூக்குவதில் தொங்குகிறது. அந்த யாரோவுக்கு எங்கள் எம்பி ஒருவரைத் தெரிந்திருந்தால் நல்லதா, கெட்டதா? கடையில் அந்த அண்ணனுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்ததாகச் சொல்லியிருக்க வேண்டியது பெட்டிமுடி.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்து, ஆட்களை எழுப்புங்கள் என்று அதற்குப் பல வருடம் முன்பே எச்சரித்திருந்தார்கள். 2020 ஓகஸ்ட் 6 இரவு கேரளத்தில் மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் அதே மாதிரி. தேயிலைத் தோட்டம், தொடர் லயம், உறக்கத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்கள், 70 பேர். செய்தியில் மலையாளத்தில்கூட அந்த வீடுகளை லயம் என்றுதான் சொன்னார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் தொலைபேசியில் அந்தப் படங்களைப் பார்த்த அம்மா, "இது எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். இங்கேதான் என்று நினைத்துவிட்டார். தகரக் கூரை, இஸ்தோப்பு, முன்னால் கட்டிய கொடிக்கயிறு, எல்லாம் ஒன்று. 2024 ஜூலை 30இல் வயநாட்டில், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு எங்கள் மலைகளில், மறுபடியும் மண் இறங்கியது.

மண்சரிவு மட்டுமா? ஓய்வு பெற்றால் லயத்தை விட வேண்டுமா, நிலம் யார் பெயரில், அடுத்த தலைமுறை தோட்டத்தில் வேலை செய்யாவிட்டால் காம்பரா என்ன ஆகும் என்ற கேள்விகள் மூணாறிலும் உண்டு, மஸ்கெலியாவிலும் உண்டு. 2015 செப்டம்பரில் மூணாறில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் எல்லாத் தொழிற்சங்கங்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு, பெம்பிளை ஒருமை என்ற பெயரில் தெருவில் உட்கார்ந்து போனசை வென்றார்கள். சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்தார்கள் என்ற பகுதியை இங்கே யாரும் அதிகமாகப் பேசவில்லை. காரணம் தெரிந்ததே.

இந்தக் கதைகளைச் சேர்த்துப் பேச ஒரு மேசை போட வேண்டுமென்றால் யார் யார் உட்கார வேண்டும்? நுவரெலியா, பதுளை எம்பிமார், மூணாறு அடங்கிய தேவிகுளம் தொகுதி உறுப்பினர், ஒப்பாரிக் கோச்சியில் போனவர்களின் பிள்ளைகள் வாக்குப் போடும் கூடலூர் உறுப்பினர். மொழிபெயர்ப்பாளரே தேவையில்லாத ஒரே சர்வதேச மாநாடாக அது இருக்கும். இன்றைய ஒழுங்கில் அந்த மேசைக்கு இடமில்லை. இலங்கை - இந்திய நட்புறவுச் சங்கம் என்றால் அக்கரையில் தில்லிப் பாராளுமன்றம்தான், சட்டசபை உறுப்பினர் அதில் வரமாட்டார். வரக்கூடிய இடம் பொதுநலவாயப் பாராளுமன்றச் சங்கம். அங்கே சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். ஆனால் கிளைக்குக் கிளை போய்வரத் தடையொன்றும் கிடையாது. கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

நட்புறவுச் சங்கங்கள் எப்படி ஓடுகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதிய பாராளுமன்றம் கூடினால் பழைய சங்கங்கள் எல்லாம் கலைந்துவிடும். நாடு நாடாக மறுபடி அமைக்க வேண்டும். விரும்பிய எம்பிமார் பெயர் கொடுப்பார்கள், ஒருவரே பல சங்கங்களில் இருப்பார், ஒரு நாள் கூடித் தலைவர், செயலாளர், பொருளாளரைத் தெரிவு செய்வார்கள், தூதுவர் வந்து இரண்டு வார்த்தை பேசுவார், தேநீர், படம். பத்திரிகையில் நாங்கள் பார்ப்பது அதைத்தான். அதற்குப் பிறகு ஐந்து வருடத்தில் அந்தச் சங்கம் எத்தனை தடவை கூடியது, எதைப் பேசியது என்பது படத்தில் வராது. போய்வந்த பயணத்துக்கு எம்பி ஒரு பக்க அறிக்கையாவது தொகுதிக்குத் தர வேண்டும் என்ற வழக்கமும் எங்களிடம் இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு பயணம் பற்றிக் கேட்டு நானே ஒரு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. அடுத்த மாதம் தைப்பொங்கல் வாழ்த்து அட்டை மட்டும் வந்தது.

2024 நவம்பர் தேர்தலில் ஒரு புது விஷயம் நடந்தது. பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல், நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி, மலையகத் தமிழ்ப் பெண்கள் முதல் தடவையாகப் பாராளுமன்றம் போனார்கள். கொழுந்துக் கூடையைச் சுமப்பவர்கள் பெண்கள், சபையில் பேசியவர்கள் எழுபது வருடத்துக்கும் மேலாக ஆண்கள். பொதுநலவாயச் சங்கத்துக்குள்ளும் ஜெனீவா ஒன்றியத்துக்குள்ளும் பெண் உறுப்பினர்களுக்கென்று தனி அரங்குகள் உண்டு. மூணாறுப் பெண்கள் நடத்திய போராட்டத்தைப் பற்றி, அசாம் தோட்டங்களைப் பற்றி, அங்கேயிருந்து வரும் ஒரு பெண் உறுப்பினரிடம் பக்கத்து நாற்காலியில் இருந்து கேட்கக்கூடியவர்கள் இவர்கள். எந்தக் கட்சி என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

நேற்று மறுபடி ஹட்டன் போனேன். அதே கடை, அதே அண்ணன், இந்த முறை இடியப்பம். போன கிழமை கேள்விக்குப் பதில் கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்லி, தில்லி சபை, அரிசி, கார்மெண்ட் எல்லாம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டார். பெட்டிமுடி என்றதும் கை நின்றது.

"அங்கயும் நம்ம ஆளுங்கதானா?"

"நம்ம ஆளுங்கதான் அண்ணே. 2021இல் அந்தத் தொகுதிக்கு வந்தவரு கேரளா சட்டசபையில தமிழ்லதான் சத்தியப்பிரமாணம் எடுத்தாரு. வாசகத்துல ஒரு சொல்லு விட்டுப்போச்சுன்னு மறுபடியும் எடுக்க வச்சாங்க."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பையிலிருந்து தொலைபேசியை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"அந்த எடத்துப் பேர இதுல ஒருக்கா அடிச்சிக் குடு தம்பி. நம்ம எம்பி ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வாறாரு."